ஃப்ராங்க் கோருக்கு ஹால் ஆஃப் ஃபேம் தகுதி இருக்கா? எதை வச்சு முடிவு பண்றது?

கேள்வி: நான் அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான NFLல ஆடற நைனர்ஸ் (சான் ஃப்ரான்சிஸ்கோ 49ers) டீமோட ஃபேன். நண்பர்களோட இது தீராத சண்டையா போயிட்டு இருக்கு. அங்க ரன்னிங் பேக்கா (பந்தைத் தூக்கிட்டு ஓடற ஆட்டக்காரர்) இருந்த ஃப்ராங்க் கோர் கெரியர்ல 16,000 யார்டு ஓடியிருக்காரு, ஆனா ஒரு வருஷம் கூட லீக்லயே அதிகம் ஓடினவர்ங்கிற பட்டம் வாங்கினதில்ல, போட்டுக் காட்ட பெரிய ஹைலைட்டும் இல்ல, "ரொம்ப நாள் ஆடினாரு, அவ்ளோதான்"னு முடிச்சிடறாங்க. இவருக்கு ஹால் ஆஃப் ஃபேம் (தலைசிறந்த ஆட்டக்காரர்களுக்கான கௌரவப் பட்டியல்) கொடுக்கலாமா? எந்த நம்பரைப் பாக்கணும்? இவரை உள்ள விட்டா ஸ்டீவன் ஜாக்சன், எடி ஜார்ஜ்னு மத்த ரன்னிங் பேக்குங்க எல்லாரையும் உள்ள விடணும்னு சொல்றாங்களே, அது சரியா?

பதில்: கொடுக்கலாம், கொடுக்கணும். இதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா நீங்க 16,000ங்கிற நம்பரை முதல்ல எடுத்து நீட்டினா வாதத்துல தோத்துடுவீங்க, ஏன்னா அது மொத்தக் கணக்கு, மொத்தக் கணக்கு யாரையும் நம்ப வைக்காது, "16 சீசன் ஆடினா நானும்தான் ஓடுவேன்"னு ஒருத்தன் சொல்லிட்டா அங்கயே பேச்சு நின்னுடும். அந்த 16,000 எப்படி சேந்துச்சுன்னு பிரிச்சுக் காட்டணும். அதுலதான் விஷயமே இருக்கு.

முதல்ல அது எவ்ளோ பெரிய நம்பர்னு ஒரு தடவை சொல்லிடறேன். லீக் வரலாற்றுலயே அதிகம் ஓடினவர் எம்மிட் ஸ்மித் 18,355, அடுத்து வால்டர் பேட்டன் 16,726, அதுக்கு அடுத்தது கோர்தான், நாலாவது இடத்துல பேரி சாண்டர்ஸ் 15,269. ஆனா சாண்டர்ஸ் அதை வெறும் பத்து சீசன்ல, கேரிக்கு (பந்தைத் தூக்கி ஓடற ஒவ்வொரு தடவைக்கும்) 5 யார்டு வீதம் ஓடினாரு. அதனால "சாண்டர்ஸையே தாண்டிட்டாரு"ங்கிற வாதத்தை தயவுசெஞ்சு எடுக்காதீங்க. கோர் சாண்டர்ஸை விட பெரிய ஆட்டக்காரர்னு யாரும் சொல்லல, சொல்ல வேண்டிய அவசியமும் இல்ல.

இப்ப உங்க நண்பர்கள் பக்கம் இருக்கிற நியாயமான பாயிண்டை ஒத்துக்குவோம். கடைசி மூணு வருஷம் மயாமி, பஃபலோ, ஜெட்ஸ்னு வருஷத்துக்கு ஒரு டீமா சுத்தினாரு, 722, 599, 653 யார்டு, மொத்தம் 1,974. இது சும்மா ஏத்தின கணக்குன்னு சொன்னா சரி, வெட்டிடுவோம், அந்த மூணு வருஷமே வேணாம். மிச்சம் என்ன வருது? 14,026. கர்ட்டிஸ் மார்ட்டின் முழு கெரியர்ல எடுத்தது 14,101. 75 யார்டுதான் வித்தியாசம், ஒரு நல்ல ஆட்டத்துக்குக் கூட பத்தாது. மார்ட்டின் 2012லயே ஹால்ல போயாச்சு. அதாவது கோரோட வயசான காலத்தை மொத்தமா தூக்கிப் போட்டாலும் அவர் நிக்கிற இடம் ஏற்கனவே ஹாலுக்குள்ள இருக்கிற ஒருத்தர் பக்கத்துல.

மார்ட்டினுக்கு சாதகமா ரெண்டு விஷயம் இருக்கு, அதை மறைக்க வேணாம். அவர் இதை 11 சீசன்ல முடிச்சாரு, கோருக்கு 13 ஆச்சு. அப்புறம் 2004ல 31 வயசுல 1,697 யார்டு ஓடி ஷான் அலெக்ஸாண்டரை ஒரே ஒரு யார்டுல முந்தி ரஷ்ஷிங் பட்டம் (லீக்லயே அதிகம் ஓடினவர்ங்கிற பட்டம்) வாங்கினாரு. கோர்கிட்ட அப்படி ஒரு பட்டம் இல்ல. ஆனா இங்க ஒண்ணு கவனிங்க, 2006ல கோர் ஓடினது 1,695. மார்ட்டின் பட்டம் வாங்கின வருஷத்தை விட ரெண்டே யார்டு கம்மி! கோரோட நேரம், அந்த வருஷம் லடேனியன் டாம்லின்சன் 1,815, லாரி ஜான்சன் 1,789னு ரெண்டு பேர் வெறி புடிச்சு ஓடினாங்க. பட்டம்ங்கிறது நீங்க எவ்ளோ ஓடினீங்கங்கிறதோட மத்தவன் எவ்ளோ ஓடினான்ங்கிறதையும் பொறுத்தது, அதை வச்சு ஒருத்தர் தகுதியை அறுத்துப் போடறது எனக்கு சரியாப் படல.

அடுத்தது கேரிக்கு எத்தனை யார்டுங்கிற கணக்கு. "பளிச்சுனு ஆடமாட்டாரு"ன்னு சொல்ற ஆளுங்க இதைப் பாக்கறதே இல்ல. கோர் கெரியர் முழுக்க 4.3. எம்மிட் ஸ்மித் 4.2. மார்ட்டின் 4.0, எட்ஜரின் ஜேம்ஸ் 4.0, ஜெரோம் பெட்டிஸ் 3.9, இவங்க நாலு பேருமே ஹால்ல இருக்காங்க. அதுலயும் நைனர்ஸ்ல இருந்த பத்து வருஷத்தை மட்டும் தனியா எடுத்தா 11,073 யார்டு, கேரிக்கு 4.5. பத்து வருஷம் 4.5ல ஓடறது ரொம்ப நாள் ஆடினதால வர்ற நம்பர் இல்ல, நல்லா ஆடினாத்தான் வரும்.

அந்தப் பத்து வருஷம் எப்படிப்பட்ட டீம்ல ஓடினாரு? இப்ப புதுசா பாக்க வந்தவங்களுக்கு நைனர்ஸ்னா பெரிய டீம், ஆனா கோர் வந்த 2005ல 4-12 (4 ஜெயிச்சு 12 தோத்தாங்க), அப்புறம் 7-9, 5-11, 7-9, 8-8, 6-10. முதல் ஆறு வருஷத்துல ஒரு தடவை கூட ஜெயிச்சது தோத்ததை விட அதிகம் இல்ல. ஆஃபன்ஸை (பந்தோட முன்னேறி ஆடற பக்கம்) நடத்துற கோஆர்டினேட்டர் மைக் மெக்கார்த்தி, நார்வ் டர்னர், ஜிம் ஹாஸ்ட்லர், மைக் மார்ட்ஸ், ஜிம்மி ரேன்னு மாறிக்கிட்டே இருந்தாங்க, முதல் அஞ்சு வருஷத்துல அஞ்சு பேர், ஒவ்வொருத்தருக்கும் ஒரு ப்ளேபுக் (ஆட்டத் திட்டப் புத்தகம்), ஒரு பாஷை, ஒரு பிளாக்கிங் (ஓடறவருக்கு வழி கிடைக்க எதிரணியை மறிக்கிற) முறை. பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துற குவார்ட்டர்பேக்கும் நிலையா இல்ல, அலெக்ஸ் ஸ்மித், ட்ரென்ட் டில்ஃபர், ஷான் ஹில், ஜே.டி. ஓ'சல்லிவன்னு ஆள் மாறுது. எதிரணிக்கு பாஸ் பயமே இல்லாததால எட்டு பேரை முன்னாடி நிறுத்திடுவான், எல்லாருக்கும் தெரியும் பந்து 21ஆம் நம்பர் கோர்கிட்டதான் போகும்னு, அப்படியும் 2006ல இருந்து 2009 வரைக்கும் 1,695, 1,102, 1,036, 1,120. நாலு வருஷம், நாலு கோஆர்டினேட்டர், நாலு தடவையும் ஆயிரத்துக்கு மேல. உங்க நண்பர்கள்கிட்ட ஒரே ஒரு விஷயம்தான் காட்ட நேரம் இருக்குன்னா இதைக் காட்டுங்க.

அவர் ஏன் பளிச்சுனு தெரியலங்கிறதுக்கும் இங்கயே காரணம் இருக்கு. ஆளு அஞ்சடி ஒன்பது அங்குலம்தான், கால் சின்னச் சின்னதா வைப்பாரு, பந்தை வாங்கினதும் பாயமாட்டாரு, கார்டு (முன்னாடி மறிச்சு வழி பண்ற தன் டீம் ஆள்) பக்கவாட்டுல ஓடி வர்ற வரைக்கும் அவன் இடுப்புக்குப் பின்னாடியே ஒட்டிக்கிட்டு நின்னு, லைன்பேக்கர் (எதிரணித் தடுப்பாட்டக்காரர்) எந்தப் பக்கம் சாயறான்னு பாத்துட்டு, அப்புறம்தான் மத்தப் பக்கம் நுழைவாரு. டிவில பாத்தா வெறும் நாலு யார்டு. ஆனா அந்த இடத்துல பிளாக் கொடுத்தது ரெண்டு யார்டுதான், மிச்சம் ரெண்டும் அவரா உண்டாக்கினது. இந்த ரெண்டு ரெண்டு யார்டு ஹைலைட்ல வராது, ஆனா ரெண்டாவது டவுன்ல (பத்து யார்டு போகக் கிடைக்கிற நாலு வாய்ப்புல ரெண்டாவது) ஆறு வேணுமா எட்டு வேணுமாங்கிறதை அதுதான் முடிவு பண்ணும், அதுதான் ட்ரைவையே (பந்தோட தொடர்ந்து முன்னேறற முயற்சி) உயிரோட வைக்கும். நீண்ட ஓட்டமே இல்லைன்னும் சொல்ல முடியாது, 2009ல சியாட்டிலுக்கு எதிரா ஒரே ஆட்டத்துல 79 யார்டு ஒண்ணு, 80 யார்டு ஒண்ணுன்னு ரெண்டு டச்டவுன் (எதிரணிக் கோட்டைத் தாண்டி எடுக்கிற ஸ்கோர்), 16 கேரில 207 யார்டு.

கணக்குப் புத்தகத்துல எங்கயுமே வராத இன்னொரு வேலை இருக்கு, பிளிட்ஸை மறிக்கிறது. குவார்ட்டர்பேக்கை அடிக்க ஓடி வர்ற லைன்பேக்கர் முன்னாடி போய் நெஞ்சைக் கொடுத்து நிக்கணும், அவன் நம்மளை விட பதினஞ்சு இருபது கிலோ அதிகம் இருப்பான், முழு வேகத்துல வருவான். பல ஸ்டார் ரன்னிங் பேக்குங்களை மூணாவது டவுன்ல வெளிய எடுத்துடறதே இந்த வேலை சரியா வராததாலதான். கோரை எடுக்கவே மாட்டாங்க. இந்த வேலையில அந்தத் தலைமுறையோட சிறந்த ஆட்கள்ல ஒருத்தர் அவர்ங்கிறது என்னோட அபிப்பிராயம். பழைய ஆட்டத்தை முழுசா போட்டுப் பாருங்க, மூணாவது டவுன் வரும்போது பந்தை விட்டுட்டு 21ஐ மட்டும் பாருங்க, நண்பர்களையும் உக்கார வச்சு பாக்கச் சொல்லுங்க.

பெரிய ஆட்டத்துல காணோம்னு சொன்னாலும் பதில் இருக்கு. 2012 சீசன்ல அட்லாண்டாவுல நடந்த கான்ஃபரன்ஸ் ஃபைனல்ல (சூப்பர் பவுலுக்கு முந்தின ஆட்டம்) 90 யார்டு, ரெண்டு டச்டவுன், நைனர்ஸ் 28-24. அடுத்து ரேவன்ஸ் டீமோட சூப்பர் பவுல் (லீக்கோட கடைசி ஃபைனல்), 19 கேரில 110 யார்டு, ஒரு டச்டவுன். கடைசில தோத்துக்கிட்டு இருக்கும்போது 33 யார்டு ஓடி பந்தை ஏழு யார்டு கோடு வரைக்கும் கொண்டு வந்ததும் அவர்தான். அதுக்கப்புறம் நாலு வாய்ப்பு, ஒண்ணு லமைக்கேல் ஜேம்ஸ்கிட்ட போச்சு, மூணு க்ராப்ட்ரீக்கு பாஸ், கோர் கையில ஒண்ணு கூட கொடுக்கல. 34-31ல தோத்தாங்க. அந்த ஏழு யார்டை அவர் ஓடியிருந்தா இன்னிக்கு "ஹைலைட் இல்ல"ங்கிற பேச்சே இருந்திருக்காதுன்னு நான் நம்பறேன், இத்தனை வருஷம் கழிச்சும் அதை நினைச்சா எனக்கு வயிறெரியுது.

உடம்பு விஷயத்தையும் சொல்லியே ஆகணும். மயாமி யுனிவர்சிட்டில படிக்கும்போதே ரெண்டு முட்டியிலயும் ஏசிஎல் (முட்டியைத் தாங்கற தசைநார்) கிழிஞ்சுது, முதல்ல ஒண்ணு, அடுத்த வருஷம் இன்னொண்ணு. அதனாலதான் டிராஃப்ட்ல (டீமுங்க புது ஆட்களை வரிசையா எடுக்கிற தேர்வு) மூணாவது ரவுண்டு, 65ஆவது ஆளா போனாரு. அந்த முட்டியை வச்சுக்கிட்டு 241 ஆட்டம், வேற எந்த ரன்னிங் பேக்கும் அவ்ளோ ஆடினதில்ல. 2010ல இடுப்பு எலும்பு முறிஞ்சு சீசன் பாதியில முடிஞ்சுது, அப்ப 27 வயசு, ரன்னிங் பேக்குக்கு அதோட கதை முடிஞ்சதுன்னுதான் யாரும் நினைப்பாங்க. அதுக்கப்புறம் 2011ல இருந்து 2017 வரைக்கும் ஏழு சீசன், 112 ஆட்டம், ஒண்ணு கூட மிஸ் பண்ணல. இண்டியானாபோலிஸ்ல 32, 33, 34 வயசுல 260, 263, 261 கேரி, 967, 1,025, 961 யார்டு. அந்த 1,025தான் 2007க்கு அப்புறம் இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் டீம்ல ஒரு ஆள் ஆயிரம் தொட்ட முதல் சீசன்.

அவருக்கு எதிரா நான் உண்மையிலயே பெருசா மதிக்கிற பாயிண்ட் ரெண்டு. முதல் ஆல்-ப்ரோ டீம்ல (அந்தந்த வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியல்) ஒரு தடவை கூட இடம் கிடைச்சதில்ல. இத்தனை யார்டுக்கு ஓடி எடுத்த டச்டவுன் 81தான், எம்மிட் ஸ்மித் அதைப் போல ரெண்டு மடங்கு, 164. டச்டவுன் குறைஞ்சதுக்கு டீமே கோல் லைன் பக்கம் அதிகம் போகலங்கிறது ஓரளவு காரணம், முழுக் காரணம்னு சொல்லமாட்டேன். ஆனா எட்ஜரின் ஜேம்ஸும் 80தான், 2020ல உள்ள போயிட்டாரு.

அப்புறம் ஹாலோட வழி. ஆடி முடிச்சு அஞ்சு வருஷம் காத்திருக்கணும், கோர் 2020ல முடிச்சதால 2026லதான் முதல் முறை தகுதிக்கு வந்தாரு. தேர்வுக் குழுவுல சுமார் 50 பேர், 80 சதவீத ஓட்டு வேணும். சமீபத்துல விதியை இறுக்கிட்டாங்க, 2025ல மொத்தமே நாலு பேர்தான் உள்ள போனாங்க. அதனால ஒரு வருஷம் கிடைக்கல, ரெண்டு வருஷம் கிடைக்கலன்னா தகுதி இல்லன்னு அர்த்தம் எடுத்துக்காதீங்க. பெட்டிஸே அஞ்சாவது வருஷம்தான் போனாரு. இன்னொண்ணு, டெரல் டேவிஸை 7,607 யார்டுக்கு 2017ல உள்ள எடுத்தாங்க, 78 ஆட்டம்தான், ஆனா 1998ல 2,008 யார்டு, ரெண்டு சூப்பர் பவுல். அது சரியான முடிவு. கொஞ்ச நாள் உச்சத்துல இருந்தவருக்கு கதவைத் திறந்தீங்கன்னா, பத்து வருஷத்துக்கு மேல உச்சத்துக்குக் கொஞ்சம் கீழயே நின்னவருக்கும் திறக்கணும்ங்கிறதுதான் என் கட்சி.

எல்லாரையும் உள்ள விடணுமாங்கிற கேள்விக்கு வர்றேன். வேணாம். வந்து நின்னதையும் தரம் குறையாம நின்னதையும் ஒண்ணாக் குழப்பக் கூடாது. எடி ஜார்ஜ் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆட்டக்காரர், டைட்டன்ஸ்ல எட்டு வருஷம் ஒரு ஆட்டம் கூட உக்காரல, ஆனா 2000ல 403 கேரி கொடுத்து ஓட வச்சாங்க, அடுத்த வருஷம் கேரிக்கு 3.0 ஆயிடுச்சு, கெரியர் முழுக்க 3.6ல நிக்குது. ஆள் வந்துக்கிட்டே இருந்தாரு, யார்டு வரல. 10,441 யார்டு பெரிய கெரியர்தான், ஹாலுக்கு கொஞ்சம் கம்மி. ஸ்டீவன் ஜாக்சன் விஷயம் கஷ்டம், ராம்ஸ்ல எட்டு வருஷம் தொடர்ச்சியா ஆயிரம், அதுவும் அங்க இருந்த காலத்துல ஜெயிச்சது அதிகம்னு ஒரு சீசன் கூட இல்ல, 11,438 யார்டு. கோர் பக்கம் நான் சொன்ன டீம் வாதம் அப்படியே அவருக்கும் பொருந்தும். ஆனா கோருக்கும் அவருக்கும் நடுவுல நாலாயிரத்து ஐநூறு யார்டு இருக்கு, கோர் மாதிரி நாலு முழு சீசன். அதனால ஜாக்சன் பேரை எடுத்தா "அவரைப் பத்தி தனியா பேசுவோம், அவருக்கும் நியாயம் இருக்கு"ன்னு சொல்லுங்க, கோர் பேச்சை அதுல கரைய விடாதீங்க.