அருவி வெளுத்துப்போகாமல் படமெடுக்க எக்ஸ்போஷரை எதற்கு வைப்பது?

கேள்வி: கொல்லிமலை ஆகாய கங்கை அருவியை ட்ரைபாடில் கேமராவை வைத்து, ஆறு ஸ்டாப் என்டி ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் கண்ணாடி; ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) பொருத்திப் படமெடுத்தேன். எல்லாப் படங்களிலும் நீர் வெள்ளைத் துணி தொங்குவதுபோல் இருக்கிறது. எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவைக் குறைத்தாலோ பாறையும் மரங்களும் கறுத்துவிடுகின்றன. இரண்டையும் ஒரே படத்தில் சரியாகக் கொண்டுவர வழி உண்டா?

பதில்: வழி உண்டு. ஆனால் நீரையும் பாறையையும் சமமாகப் பாவிக்காமல், எக்ஸ்போஷரை நீருக்கென்று தீர்மானித்துவிட்டு, பாறை ஓரளவு இருண்டிருப்பதை ஏற்றுக்கொள்வதிலிருந்துதான் தொடங்க வேண்டும். அரப்பளீசுவரர் கோயிலுக்கு அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கிச் சென்றால், மலை சூழ்ந்த பள்ளத்தில் ஐயாறு ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. நனைந்த கரும்பாறையும் அடர்ந்த பச்சையும் சட்டகத்தின் பெரும்பகுதியை நிறைக்க, நீர் நடுவே ஒரு பட்டையாக மட்டும் இருக்கும். கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகக் காட்டவே முயலும். ஆகவே பெரும்பகுதி இருளாக இருக்கும் காட்சியில் அது எக்ஸ்போஷரைக் கூட்டிவிடுகிறது. பாறை வெளிச்சம் பெறும்போது நீர் எல்லை தாண்டிவிடுகிறது.

இதைத் தவிர்க்க, சட்டகத்தின் ஒரு சிறு பகுதியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்கை நீரின் மிக வெளிச்சமான, ஆனால் நேர்வெயில் பட்டுக் கண் கூசாத ஒரு பகுதியில் வைத்து அளந்து பாருங்கள். எடுத்துக்காட்டாக, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 11 என்ற நிலையில் முழுச் சட்டகத்தையும் அளக்கும்போது கேமரா 1 நொடி என்கிறது. நீரை மட்டும் அளந்தால் 1/8 நொடி என்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1/8 நொடியில் எடுத்தால் நீர் சாம்பலாகத்தான் தெரியும். வெண்மை வெண்மையாகத் தெரிய அதைவிட இரண்டு ஸ்டாப் கூட்ட வேண்டும். அதாவது 1/2 நொடி. கேமரா சொன்ன 1 நொடியில் எடுத்திருந்தால் நீர் நடுத்தரத்துக்கு மேலே மூன்று ஸ்டாப்பில் போய் நின்றிருக்கும், அங்கேதான் நுணுக்கங்கள் அழிகின்றன. ஸ்பாட் வசதி இல்லாவிட்டால், கேமரா தீர்மானித்ததைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் மைனஸ் 1 வைத்து ஒரு படம் எடுத்து, ஹிஸ்டோகிராமின் (இடதில் இருளும் வலதில் வெளிச்சமுமாகப் படத்தின் ஒளிப்பரவலைக் காட்டும் வரைபடத்தின்) வலது ஓரத்தைப் பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று சானல்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமே நம்பகமானது. நிழலில் விழும் நீர் நீலச்சாயல் கொண்டது என்பதால் மற்றவற்றுக்கு முன்பே நீலச் சானல் எல்லையைத் தொட்டுவிடக்கூடும்.

உங்கள் படங்களில் நீர் வெளுத்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம், இதைப் பலரும் கவனிப்பதில்லை. ஆறு ஸ்டாப் ஃபில்டர் 1/15 நொடியை ஏறக்குறைய 4 நொடியாக நீட்டிவிடுகிறது. அந்த 4 நொடியில் ஒவ்வொரு நீர்த்தாரையும் பலமுறை இடம் மாறி, தாரைகளுக்கு இடையே தெரிய வேண்டிய கரும்பாறையை மூடிவிடும். இப்படி உண்டாகும் வெண்மையில் ஹிஸ்டோகிராம் எல்லைக்குள்ளேயே இருக்கும். ஆனாலும் நீரில் இழை தெரியாது, பிறகு எடிட்டிங்கில் எவ்வளவு இழுத்தாலும் கிடைக்காது. என்டி ஃபில்டர் எல்லாவற்றையும் ஒரே அளவில் இருட்டாக்குவதே தவிர, நீருக்கும் பாறைக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பதில்லை. நெடிதாக, வேகமாக விழும் இத்தகைய அருவிக்கு 1/8 முதல் 1/2 நொடி வரையே போதும் என்பது என் கருத்து. நிழலான பள்ளத்தில் அதற்குப் பெரும்பாலும் என்டி ஃபில்டரே தேவைப்படாது.

போலரைசரோ அவசியம் தேவை. நனைந்த பாறையிலும் இலைகளிலும் வானம் பிரதிபலித்து உண்டாகும் வெள்ளைப் பளபளப்பை அது நீக்கி, பச்சையின் உண்மை நிறத்தை வெளிக்கொணர்கிறது. ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை ஒளியையும் குறைப்பதால் ஷட்டர் வேகம் வேண்டிய அளவுக்குத் தானாகவே இறங்கிவிடும். ஆனால் அதை முழுவதுமாகத் திருப்பிவிடாதீர்கள். பளபளப்பு முற்றிலும் போனால் பாறை மேலும் கறுத்து, நீருக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு கூடிவிடும். வ்யூஃபைண்டரில் பார்த்தபடியே மெல்லத் திருப்பி, பாறையின் விளிம்புகளில் சிறிது மினுக்கம் எஞ்சியிருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். பாறைக்கு உருவம் தருவது அந்த மினுக்கம்தான்.

இவை அனைத்தும் பயன்பட வேண்டுமானால் அருவி முழுவதும் நிழலிலோ மேகமூட்டத்திலோ இருக்க வேண்டும். பாதி அருவியில் வெயிலும் பாதியில் நிழலும் விழும் நேரத்தில் எந்த உத்தியும் திருப்தியான படத்தைத் தராது. மேகம் வரும்வரை காத்திருங்கள், அல்லது அருவியின் அடிப்பகுதியை மட்டும் நெருங்கி எடுங்கள். மேலே வெளிறிய வானம் தெரிகிறதென்றால் சட்டகத்திலிருந்து அதை விலக்கிவிடுவதே நல்லது. மேற்பாதி மட்டும் இருண்ட கிராஜுவேட்டட் ஃபில்டர் போட்டால் வானத்தோடு மலைமுகட்டு மரங்களும் சேர்ந்து இருண்டுவிடும்.

வேறுபாடு அப்போதும் அதிகமாக இருந்தால், அபெர்ச்சரை மாற்றாமல் இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படங்கள் எடுத்துவையுங்கள். அவற்றை, வெவ்வேறு எக்ஸ்போஷர் படங்களை மென்பொருளே ஒன்றாக்கும் தானியங்கி எச்டிஆர் முறையில் இணைக்க வேண்டாம். ஒவ்வொரு படத்திலும் நீரின் வடிவம் வேறாக இருப்பதால் கலங்கலான சாம்பல் நிறமே கிடைக்கும். நீரை ஒரே படத்திலிருந்து எடுத்துக்கொண்டு, பாறையை மட்டும் வெளிச்சமான படத்திலிருந்து மாஸ்க் (வேண்டிய பகுதியை மட்டும் தேர்ந்தெடுக்கும் வசதி) வழியாகச் சேர்க்க வேண்டும். அருவியின் காற்றில் ஆடும் இலைகளுக்கு ஐஎஸ்ஓவை உயர்த்தி, வேகமான ஷட்டரில் தனியாக ஒரு படம் எடுத்துவைப்பதும் உதவும். லென்ஸில் படியும் சாரலை ஒவ்வொரு படத்துக்கும் முன் துடையுங்கள். மெல்லிய ஈரப்படலம்கூட நிழல்பகுதிகளைப் புகைமூட்டம் போலாக்கிவிடும்.

எடிட்டிங்கில் முதலில் ஹைலைட்ஸைக் (வெளிச்சப் பகுதிகளை) குறைத்து நீரின் இழைகளைக் கொண்டுவந்துவிட்டு, அதன் பிறகே ஷேடோஸை (நிழல்பகுதிகளை) உயர்த்துங்கள். லைட்ரூம் மென்பொருளில் நீரின் மீது கர்சரை வைத்தால் தெரியும் எண்கள் மிகப் பிரகாசமான இடங்களில் 90 முதல் 95 விழுக்காடு வரை இருக்கலாம். 80க்குக் கீழே இறங்கினால் நீர் அழுக்கேறியதுபோல் தோன்றும். குறைந்த ஐஎஸ்ஓவில் எடுத்த ரா கோப்பு (கேமரா பதிவுசெய்த தகவலைச் சுருக்காமல் வைத்திருக்கும் கோப்பு), நிழலை இரண்டு ஸ்டாப் வரை உயர்த்துவதை எளிதில் தாங்கும். தாங்கும் என்பதற்காக ஒவ்வொரு பாறையிடுக்கையும் வெளிச்சமாக்கிவிடுகிறோம், அருவியின் ஆழம் போய்விடுகிறது. குகைபோன்ற இடுக்குகள் கறுப்பாகவே இருக்கட்டும். நீருக்கு நேர் பக்கத்தில் உள்ள பாறையை மட்டும் பிரஷ் கொண்டு அரை ஸ்டாப் அளவுக்கு உயர்த்திப் பாருங்கள்.

ஏற்கெனவே எடுத்த படங்கள் ரா கோப்புகளாக இருந்தால் அழித்துவிடாதீர்கள். கேமராவின் திரையில் காணும் ஹிஸ்டோகிராம் ஜேபெக் முன்னோட்டத்தைக் கொண்டே வரையப்படுவது. வெளுத்ததாக அது காட்டிய இடங்களில் ரா கோப்பில் சிறிது தகவல் எஞ்சியிருக்கக்கூடும். எடிட்டிங்கில் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்துப் பாருங்கள். வெள்ளைக்குள் இழைகள் தெரிந்தால் அந்தப் படம் பிழைக்கும். வெள்ளைப் பகுதி அப்படியே ஒரே சீரான சாம்பலாக மாறினால் அங்கே எதுவும் பதிவாகவில்லை.