வாசல் விளக்கு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர்கள் சேர்ந்து ஹாலோவீனுக்காக (அக்டோபர் 31 இரவு பிள்ளைகள் வேடமிட்டு வீடுவீடாக மிட்டாய் கேட்டு வரும் பண்டிகை) ஒரு திகில் மலர் தயாரிக்கிறோம். எல்லோருமே புதிதாக எழுதுபவர்கள். கதை 500 சொல்லுக்குள், கவிதை 20 வரிக்குள். என் கதை 900 சொல் வந்துவிட்டது. 1998 அக்டோபர் 31 இரவு, தனியாக இருக்கும் கிழவர் ஒருவர் மிட்டாய்க் கிண்ணத்தோடு காத்திருக்கிறார். முகமூடி இல்லாத ஒரு சிறுமி வருகிறாள். அன்றிரவு, கோடைக்கால நேரம் முடியும்போது அமெரிக்காவில் செய்வதுபோல், கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்க, அதே சிறுமி அதே நேரத்தில் மறுபடி வருகிறாள். அவள் எதிர்வீட்டில் போன வருடம் இறந்தவள். படித்தவர்கள் "நல்லா இருக்கு" என்கிறார்கள், யாரும் பயப்படவில்லை. கவிதையும் அப்படித்தான். இரண்டையும் இணைத்திருக்கிறேன்.

எஸ்., நியூஜெர்சி

அன்புள்ள எஸ்.,

முதலில் தேதி. 1998-இல் அமெரிக்காவில் கடிகாரம் பின்னால் போனது அக்டோபரின் கடைசி ஞாயிறு, அதாவது 25. உங்கள் கதை நடக்கும்போது அது முடிந்து ஆறு நாள் ஆகிவிட்டது. 2007 முதல் அந்த மாற்றம் நவம்பரின் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு. ஆகவே அக்டோபர் 31 சனிக்கிழமையாக விழுந்தால்தான் ஹாலோவீன் இரவில் 1 மணியிலிருந்து 2 வரை இருமுறை வரும். 2009, 2015, 2020 அப்படிப்பட்ட ஆண்டுகள். அங்கே வாழும் வாசகர் இதைக் கவனிப்பார்.

ஆனால் கடிகாரத்தையே எடுத்துவிடச் சொல்வேன். 500 சொல் கதை ஒரு விதியைத்தான் தாங்கும். பண்டிகையே உங்களுக்கு ஒன்றைத் தந்திருக்கிறது: வாசல் விளக்கு எரிந்தால் பிள்ளைகள் வரலாம், அணைந்திருந்தால் அந்த வீட்டைத் தாண்டிப் போய்விட வேண்டும். இதை யாரும் எழுதிவைக்கவில்லை, ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். உங்கள் பேய் மீற வேண்டியது இதை மட்டும்தான். கிழவர் விளக்கை அணைத்தபின் மணி அடிக்கட்டும்.

வெட்டு எங்கே என்று கேட்டால், முதல் பக்கம். எலும்புக்கூடு, சிலந்தி வலை, சருகு, வௌவால், நிலா என்று 200 சொல்லுக்கு மேல் அலங்காரம். மலரில் பத்துக் கதை இருந்தால் பத்திலும் இதே கடைச்சரக்குதான் இருக்கும். முகம் செதுக்கி உள்ளே விளக்கு வைக்கும் பரங்கிக்காயை மட்டும் வையுங்கள், அதுவும் செதுக்கி ஒரு வாரம் ஆனதாக. குடைந்த காய் சில நாளில் உள்ளே பூசணம் பிடிக்கும், கண் ஓட்டைகள் சுருங்கும், வாய் பல் போன கிழவிபோல் உள்ளே மடியும். தெருவே புதிதாகச் செதுக்கியிருக்க, ஒரு வீட்டு வாசலில் மட்டும் அப்படி ஒன்று இருந்தால் போதும். நீங்கள் "பூசணி" என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டு வாசகர் கண்ணில் உடனே வருவது திருஷ்டிக்குக் கட்டும் வெண்பூசணி. அதன் பயமே வேறு ஜாதி. பரங்கி என்றே எழுதுங்கள்.

மீதியை இப்படிப் பிரித்துப் பாருங்கள்: விளக்கு விதியும் எதிர்வீடு இருண்டு கிடப்பதும் 80 சொல்லில். சாதாரணமாக இரண்டு முறை மணி அடிப்பது 120. மூன்றாவது, விளக்கணைந்தபின் வருவது, 220. முடிவு 60. கையில் 20 மிச்சம். கடைசி வரியில் "அவள் போன வருடமே இறந்துவிட்டாள்" என்று மரண அறிவிப்பு கொடுத்தீர்களே, அதுதான் பயத்தைக் கொன்றது. வாசகர் முகமூடி இல்லை என்றதுமே ஊகித்துவிட்டார், அதற்குப் பிறகு நீங்கள் சொல்வது பழைய செய்தி. அந்தத் தகவல் முதல் 80 சொல்லுக்குள், வம்புப்பேச்சுபோல, வந்துபோகட்டும்: எதிர்வீட்டில் தாயும் பிள்ளையும் போனதிலிருந்து அங்கே விளக்குப் போட ஆளில்லை. அவ்வளவுதான்.

இனி, தமிழில் எழுதுவதால் மட்டும் கிடைக்கும் ஒரு வசதி. "சிறுமி வந்தாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். "குழந்தை" என்று மாற்றுங்கள். குழந்தை வந்தது, சிரித்தது, கிண்ணத்தைப் பார்த்தது. அஃறிணை வினை அங்கே இயல்பு, யாருக்கும் உறுத்தாது. பேய் அந்த வினைமுற்றுக்குள் ஒளிந்து நிற்கும். கடைசியில் தெருமுனையில் காத்திருக்கும் தாயைக் காட்டி, "அம்மா கையசைத்தது" என்று முடியுங்கள். விளக்கமே வேண்டாம். இது கெட்டுப்போகும் வழி ஒன்று உண்டு: பல ஊர்களில் பேச்சில் "அம்மா வந்துச்சு" சாதாரணம். அதனால் கதைசொல்லி முழுக்க எழுத்துத் தமிழில் இருக்க வேண்டும், அதற்குமுன் வரும் தாய்மார் எல்லோரும் தவறாமல் "வந்தார்", "சிரித்தார்" என்று இருக்க வேண்டும். ஒரு இடத்தில் சறுக்கினாலும் கடைசி வரி எழுத்துப்பிழையாகத் தெரியும். மெய்ப்புப் பார்ப்பவரிடமும் முன்பே சொல்லிவையுங்கள், திருத்திவிடுவார்.

கவிதையில் இருள் நாலு முறை, இரத்தம் மூன்று முறை, மரணம் இரண்டு முறை. மூன்றையும் அடித்துவிட்டு என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். மிஞ்சுவது கதவும் படியும்தான், நல்ல சரக்கு. அதை அந்தாதியில் கட்டலாம். ஒரு வரி முடிந்த சொல்லில் அடுத்த வரி தொடங்கி, கடைசிச் சொல் முதல் சொல்லிலேயே வந்து மண்டலிக்கும், அதாவது வட்டமாக முடியும். போனது திரும்பி வருவதற்கு இதைவிடப் பொருத்தமான யாப்பு கிடைக்காது. மாதிரிக்கு:

படியில் எரியும் பரங்கி விளக்கு
விளக்கில்லாத எதிர்வீட்டுக் கதவு
கதவு திறக்குமுன் நீளும் கை
கை நனைந்திருக்கிறது, காய்ந்தே கிடக்கிறது படி

நாலு வரியில் வட்டம் முடிந்துவிட்டது. இருபது வரிக்கு இழுத்தால் இணைப்புச் சொற்கள் தேய்ந்து விளையாட்டாகிவிடும், எட்டுக்கு மேல் போகாதீர்கள். இணைக்கும் சொல் எல்லாம் தொட்டுப்பார்க்கக்கூடிய பொருளாக இருக்கட்டும். "சோகம், சோகத்தில்" என்று கட்டினால் நிற்காது. ஈரம் எங்கிருந்து வந்தது என்று தயவுசெய்து அடுத்த வரியில் சொல்லிவிடாதீர்கள்.