பழைய சம்பளம் இனி வருமா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 44 வயது. ஓ.எம்.ஆரில் ஒரு ஐடி கம்பெனியில் 17 வருடம் இருந்தேன். கடைசியில் டெலிவரி மேனேஜர். பிப்ரவரியில் ஹெச்.ஆர். கூப்பிட்டு, "நீங்களே ராஜினாமா கொடுத்துடுங்க, ரிலீவிங் லெட்டர்ல பிரச்சினை வராது" என்றார்கள். கொடுத்தேன். அதிலிருந்து இன்டர்வியூதான். சின்ன கம்பெனிகள், "எங்களுக்கு உங்க அனுபவம் ரொம்ப அதிகம் சார்" என்கின்றன. பெரியவை பதிலே போடுவதில்லை. இப்போது கோவையில் டெக் லீட் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். சம்பளம் பழையதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். வீட்டுக் கடன் ஓடுகிறது, மகள் பிளஸ் ஒன். மனைவி போகச் சொல்கிறாள். ஆனால் என்னிடம் ரிப்போர்ட் செய்த பையன்கள் இன்று அதே பதவியில் இருக்கிறார்கள். மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட, ஆபீஸில் வேலை என்று சொல்லி, போகவில்லை. லிங்க்ட்இன்னில் இன்னும் பழைய கம்பெனி பெயர்தான். காத்திருக்கவா, கோவைக்குப் போகவா?

- வாசகர், சென்னை

அன்பு நண்பருக்கு,

போகலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. உங்கள் பழைய சம்பளம் ஒரே இடத்தில் 17 வருடம் ஏறிய இன்க்ரிமென்ட். அந்த கம்பெனியின் ஆட்களையும் கிளையன்ட்டையும் நீங்கள் அறிந்து வைத்திருந்ததற்கும் சேர்த்துக் கொடுத்தது. வெளியாள் அதற்குப் பணம் தரமாட்டார். உங்கள் திறமை குறைந்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை.

காத்திருப்பதும் இலவசமல்ல. 1930-ஐ ஒட்டி ஆஸ்திரியாவில் மரியென்தால் என்ற ஊரின் நெசவாலை மூடப்பட்டது. மரி யஹோடா உள்ளிட்ட ஆய்வாளர்கள் அங்கே போய்ப் பார்த்தார்கள். நாள் முழுக்க நேரம் இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்திருந்தது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகத்தைக்கூட ஆய்வாளர்கள் அளந்தார்கள். அந்த ஆண்கள் மெதுவாக, நின்று நின்று போனார்கள். கூலியோடு, நாளின் ஒழுங்கும் நாலு பேர் பழக்கமும் போய்விட்டிருந்தன. நீங்கள் கல்யாணத்தைத் தவிர்த்ததைப் படித்தபோது அந்த ஊர்தான் ஞாபகம் வந்தது. மச்சானிடம் போனில் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்பது என் ஊகம். லிங்க்ட்இன்னையும் திருத்துங்கள், வேலை தேடுகிறீர்கள் என்று தெரிந்தால்தானே பழைய சகாக்கள் பரிந்துரைப்பார்கள்?

ராஜினாமா கொடுத்தவருக்கும் கிராஜுவிட்டி உண்டு. வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்று, கடைசிச் சம்பளத்தில் சட்டம் கணக்கில் எடுக்கும் பகுதியை வைத்துக் கணக்கிட்டு, 30 நாளில் கொடுத்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம். தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போய், கடன் காலத்தை நீட்டிக்க முடியுமா என்று கேளுங்கள். தூக்கமே வராமல் போனால் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கோவைக்குச் சரி சொல்லுமுன் இரண்டு விஷயம் கேளுங்கள். ஆறு மாதத்தில் சம்பளத்தை மறுபரிசீலனை செய்வதாக ஆஃபர் லெட்டரிலேயே எழுதித் தருவார்களா? மகள் பிளஸ் டூ முடிக்கும்வரை வாரத்தில் சில நாள் சென்னையிலிருந்தே வேலை பார்க்கலாமா? இரண்டுக்கும் மறுத்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், வேறு மாதிரி யோசிப்போம்.