கூப்பன் தந்தால் பாசிக்குடா நிறையுமா?

கொரோனா காலத்தில் பல அரசாங்கங்கள் தம் மக்களுக்கே பணம் கொடுத்து உள்ளூரில் சுற்றச் சொன்னதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். அதை வாசித்த கிழக்கிலங்கை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

சிங்கப்பூரில் ஆளுக்கு 100 டொலர் கொடுத்தார்களாமே. நமக்கும் அப்படித் தந்திருக்கலாமே?
(களுவாஞ்சிக்குடி ஆசிரியை)

கையில் காசாகக் கொடுக்கவில்லை, ரீச்சர். 18 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு 100 டொலர் பெறுமதியான வவுச்சர்கள். 2020 டிசம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு ஒதுக்கியது 320 மில்லியன் சிங்கப்பூர் டொலர். வருடா வருடம் வெளிநாடு போகும் மக்கள் கையில் பணத்தோடு வீட்டுக்குள் அடைபட்டிருந்தார்கள். அந்தப் பணத்தை உள்ளூர் ஹோட்டல்களின் பக்கம் திருப்பினார்கள், அவ்வளவுதான். இங்கே 2020 ஏப்ரலில் குடும்பங்களுக்குக் கிடைத்த 5,000 ரூபா அரிசிக்கும் பருப்புக்குமே போனது. அடுப்பெரியாத வீட்டுக்கு ஹோட்டல் கூப்பன் எதற்கு?

அறுகம்பேயில் நாலு அறை வைத்திருக்கிறேன். இப்படி ஒரு திட்டம் வந்தால் சேரலாமா?
(பொத்துவில் வாசகர்)

கழிவு எத்தனை வீதம் என்பதை விடுங்கள். உங்கள் வங்கிக் கணக்குக்குக் காசு எத்தனை நாளில் வரும் என்பதை முதலில் கேளுங்கள்.

இத்தாலி 2020 ஜூலையில் குடும்பத்துக்கு 500 யூரோ வரை விடுமுறை உதவி கொடுக்கத் தொடங்கியது. அதில் 80 வீதத்தை விடுதிக்காரரே பில்லில் கழித்துவிட்டு, பிறகு அரசிடம் வரிக் கழிவாக எடுத்துக்கொள்ள வேண்டும். பல விடுதிகள் 'இங்கே ஏற்பதில்லை' என்று சொல்லிவிட்டன. மாதக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்தவரிடம் அரசாங்கமே கடன் கேட்டால் வேறென்ன சொல்வார்? வருமான வரிக் கோப்பே இல்லாத நாலு அறைக்காரருக்கு வரிக் கழிவு வெறும் கடதாசி.

இன்னொன்று, இப்படியான திட்டங்கள் பெரும்பாலும் பதிவுள்ள இடங்களுக்குத்தான். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபைப் பதிவை இப்போதே செய்து வையுங்கள்.

ஜப்பானில் இதனால்தான் நோய் பரவியதா?
(காத்தான்குடி வாசகர்)

அந்த வாதம் இன்னும் முடியவில்லை. உள்ளூர்ப் பயணத்துக்குச் சலுகை தர 2020 ஜூலை 22இல் தொடங்கிய 'கோ டு ட்ரவல்' திட்டத்தைத் தொற்று ஏறியதால் டிசம்பர் 28இல் நாடு முழுவதும் நிறுத்தினார்கள். ஆட்களை நகர்த்தும் சலுகையையும் 'வீட்டில் இருங்கள்' என்ற அறிவித்தலையும் ஒரே நேரத்தில் நடத்த முடியாது என்பது என் கருத்து.

நம் பகுதிக்கு எந்த மாதத்தில் கொடுத்தால் பயன்?
(கல்குடா, விடுதி முகாமையாளர்)

எனக்குப் பிடித்த கேள்வி. கொழும்பில் இருந்து திட்டம் போடுபவர்களுக்கு டிசம்பர் என்றாலே விடுமுறை. நமக்கு அது மாரி. அப்போது மழையும் வாடைக்காற்றும். பாசிக்குடாவில் குளிக்கவா வருவார்கள்? டிசம்பரில் கொடுத்து ஜனவரியில் காலாவதியாகும் வவுச்சர் நேரே தெற்கே ஹிக்கடுவைக்கும் மிரிஸ்ஸவுக்கும் போய்விடும். 'முழு நாட்டுக்கும்' என்றுதான் அறிவிப்பில் இருக்கும். கிழக்குக்கு ஒரு சதமும் வராது.

நம் கடல் அமைதியாக இருப்பது ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் வரை. அறுகம்பேயில் அலைச்சறுக்குக்காரர் வருவதும் ஏறக்குறைய அதே காலம். ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையும் அதற்குள் விழுகிறது. ஆகவே செல்லுபடிக் காலம் குறைந்தது ஒரு வருடம் இருக்க வேண்டும், அல்லது மாகாணத்துக்கொரு தேதி வேண்டும். சனி, ஞாயிறு எப்படியும் ஆள் வரும். வார நாட்களுக்குக் கூடுதல் கழிவு வைத்தால்தான் காலியான அறை நிறையும்.

ஹோட்டல்காரருக்குக் கிடைக்கும். ஓட்டோக்காரனுக்கு?
(அக்கரைப்பற்று)

ஜப்பான் திட்டத்தில் பயணச் செலவின் பாதியை அரசு ஏற்றது. அதில் 35 வீதம் கட்டணக் கழிவு. மிச்ச 15 வீதம் போன இடத்துக் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் கொடுக்கும் கூப்பன். அதுவும் பயணம் முடிவதற்குள் செலவழிக்க வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மோல்டாவும் 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தந்த 100 யூரோவில் 20 யூரோவைக் கடைகளுக்கென்று பிரித்தது. கேட்பதென்றால் இதைக் கேளுங்கள். தனியாளாக அல்ல, ஓட்டோச் சங்கத்தின் பெயரில், பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். கூப்பனை ஃபோனில் ஸ்கேன் செய்து அன்றைக்கே காசாக்க வழி வேண்டும் என்பதையும் அதில் சேருங்கள். பெற்றோல் ஷெட்டில் யாரும் கூப்பன் வாங்கமாட்டார்கள்.