காட்டுக்குள் போகலாமா? வாசகர் கேள்வி – பதில்

ஊட்டிக்கு இ-பாஸ் எடுத்துவிட்டோம். அதை வைத்தே முதுமலைக் காட்டுக்குள் கொஞ்ச தூரம் நடந்து பார்க்கலாமா?
– கோவை வாசகர்

முடியாது. இ-பாஸ் என்பது மலைக்கு எத்தனை வண்டி ஏறுகிறது என்று கணக்கெடுக்க, உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2024 மே மாதம் வந்த ஏற்பாடு. காட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. முதுமலையில் சுற்றுலாப் பயணிக்குத் திறந்திருக்கும் வழி வனத்துறையின் வண்டிச் சவாரி. தெப்பக்காட்டில் சீட்டு வாங்கி ஏற வேண்டும், வழியில் இறங்கக் கூடாது. யானை முகாமைப் பார்ப்பதற்குத் தனி நேரம், தனிக் கட்டணம்.

குழப்பத்துக்குக் காரணம் உண்டு. காப்புக்காடு 1882ஆம் ஆண்டின் வனச் சட்டத்தில் வருகிறது. சரணாலயமும் தேசியப் பூங்காவும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. புலிகள் காப்பகம் அதே சட்டத்தில் 2006இல் சேர்த்த திருத்தத்தில் வருகிறது. ஒரே மலையில் இவை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். ஒன்றுக்கு வாங்கிய அனுமதி மற்றொன்றுக்குச் செல்லாது.

1972 சட்டத்தின் 27ஆம் பிரிவு சரணாலயத்துக்குள் யாரும் நுழையக் கூடாது என்றுதான் தொடங்குகிறது. அதன் பிறகே விலக்குகள்: பணியிலிருக்கும் அரசு ஊழியர், அனுமதி பெற்றவர், உள்ளே நிலம் உள்ளவர், இவர்களைச் சார்ந்தவர்கள், பொதுச்சாலையில் கடந்து செல்பவர். அனுமதி எதற்கெல்லாம் தரலாம் என்பதை 28ஆம் பிரிவு சொல்கிறது: வன உயிரினத்தைப் பற்றிய ஆய்வு, படம் எடுத்தல், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, உள்ளே குடியிருப்பவரிடம் முறையான வேலை. உங்கள் தேவை இவற்றில் எது என்று முதலிலேயே சொல்லிவிட்டால் சரக அலுவலகத்தில் பாதி வேலை முடிந்தது. ‘சும்மா பார்க்கணும் சார்’ என்று போய் நின்றால் அவர்கள் எந்த வகையில் எழுதுவார்கள்?

சத்தியமங்கலம் வழியாக மைசூருக்குக் காரில் போகிறோம். சாலை பொதுச்சாலைதானே, ஓரமாக நிறுத்திச் சாப்பிட்டால் என்ன தவறு?
– ஈரோடு வாசகர்

மேலே சொன்ன விலக்கை இன்னொரு முறை படியுங்கள். சாலையில் ‘கடந்து செல்பவருக்கு’ விலக்கு. வண்டியை நிறுத்தி இறங்கி, சாலையை விட்டு நான்கடி உள்ளே கால் வைத்தால் விலக்கு போய்விடுகிறது. சரணாலயத்தில் குப்பை போடுவதும், விலங்கைச் சீண்டுவதும் அதே பிரிவிலேயே தனித்தனிக் குற்றங்கள்.

ஆசனூரைத் தாண்டிக் காரப்பள்ளம் சோதனைச்சாவடிப் பக்கம் கரும்பு லாரிகளை யானைகள் மறிப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உயரத் தடுப்பில் இடிக்காமலிருக்க ஓட்டுநர்கள் மேலடுக்குக் கரும்பை அங்கேயே தள்ளிவிட்டுப் போனார்கள். ருசி கண்ட யானை குட்டியையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றது. நீங்கள் எறியும் வாழைப்பழத் தோலும் சிப்ஸ் பாக்கெட்டும் செய்யும் வேலையும் இதுதான்.

யானை சாலையில் நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், ஹைபீம் வேண்டாம், எஞ்சினை உறும விடவும் வேண்டாம். முன்னால் நிற்கும் வண்டியை முந்திப் போய் நின்றால் பின்வாங்க இடம் இருக்காது. பெரும்பாலும் மாட்டிக்கொள்வது அப்படி முந்தியவர்கள்தான். வண்டி பழுதானால் விளக்கைச் சிமிட்ட விட்டு உள்ளேயே இருந்து சோதனைச்சாவடிக்குத் தகவல் சொல்லுங்கள். நீங்கள் போகும் திம்பம் மலைப்பாதையிலும் இரவுக் கட்டுப்பாடு உண்டு, முதுமலையைக் கடந்து மைசூர் போகும் பந்திப்பூர் வழியோ இரவு 9 முதல் காலை 6 வரை அடைப்பு. கிளம்பும் நேரத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்க்காரர் ஒருவர் மலைப்பாதை தெரியும், அனுமதியெல்லாம் வேண்டாம் என்கிறார். பத்துப் பேர் மார்ச் மாதம் மலையேறலாம் என்றிருக்கிறோம்.
– மதுரை வாசகர்

அவருக்குப் பாதை தெரிந்திருக்கலாம். மார்ச் மாதம் என்பதுதான் இதில் மோசமான பகுதி. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலையேற்றத்துக்கான ஒழுங்குமுறை விதிகள் அதே ஆண்டு வந்தன.

இப்போது நேரான வழி, 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ இணையதளம். தொடங்கும்போதே 14 மாவட்டங்களில் 40 பாதைகள். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருந்தார்கள். கூட வரும் வழிகாட்டிகள் பெரும்பாலும் அந்தந்த மலையின் பழங்குடி இளைஞர்கள். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தீக்காலம் என்பதால் பாதைகளை மூடிவிடுகிறார்கள். உங்கள் மார்ச் திட்டத்தை மழைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இத்தனை கறார் என்றால், காய்ந்த ஆளுயரப் புல்லில் தீ மேட்டை நோக்கித்தான் பாயும். சரிவின் மேல்பக்கத்துப் புல்லைக் கீழிருந்து வரும் அனல் முன்கூட்டியே உலர்த்திவிடுவதால், சரிவு செங்குத்தாக ஆக வேகம் கூடும். மேல்நோக்கி ஓடி அதை முந்த முடியாது. தீ தெரிந்தால் பக்கவாட்டில் விலகி வெறும் பாறை, அகலமான ஓடைப்படுகை, ஏற்கெனவே எரிந்து கருகிய இடம் ஆகியவற்றில் ஒன்றை அடைய வேண்டும். குறுகிய பள்ளத்துக்குள் பதுங்காதீர்கள், புகையும் அனலும் அதன் வழியாகத்தான் ஏறும். பாலியஸ்டர், நைலான் உடைகள் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தியில் முழுக்கைச் சட்டை போதும். இடுப்பில் தீப்பெட்டியோ லைட்டரோ இருந்தால் அதை அடிவாரத்திலேயே விட்டுவிடுங்கள். சரணாலயத்துக்கு ஆபத்து உண்டாகும்படி தீ மூட்டுவதை 1972 சட்டத்தின் 30ஆம் பிரிவு தடுக்கிறது, சமையல் அடுப்பு என்று சாக்குச் சொல்ல முடியாது.

மழைக்காலத்தில் அட்டைதான் தொல்லை. காலுறைக்கு மேல் அட்டைக்கென்றே விற்கும் நெருக்கமான துணியுறையைப் போட்டு முழங்காலுக்குக் கீழே கட்டிவிடுங்கள். கடித்ததைப் பிய்க்காமல் நகத்தால் வாய்ப்பக்கம் நெம்பி எடுங்கள்.

முண்டந்துறையில் தவளைகளைப் பற்றி முதுநிலை ஆய்வு செய்ய வேண்டும். யாரிடம் விண்ணப்பிப்பது?
– திருநெல்வேலி மாணவி

தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு, உங்கள் துறைத்தலைவரின் பரிந்துரைக் கடிதத்தோடு. களக்காடு முண்டந்துறை 1988இலேயே புலிகள் காப்பகமானது. அங்கே உள்மண்டலம், வெளிமண்டலம் இரண்டில் எதில் வேலை என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். ஆகவே வரைபடத்தில் இடங்களைக் குறித்து இணையுங்கள். தேதி, உடன் வரும் உதவியாளர்களின் பெயர், இரவு வேலை உண்டா என்பதும் வேண்டும். தவளைக்கு இரவு வேலை இல்லாமல் முடியாது, அதை மறைத்து வாங்கிய அனுமதி மாலை ஆறு மணிக்கே பயனற்றுப் போகும்.

பார்ப்பதற்கும் பிடிப்பதற்கும் ஒரே தாள் போதாது. உள்ளே போக 1972 சட்டத்தின் 28ஆம் பிரிவு. அந்தச் சட்டத்தின் பட்டியலில் உள்ள உயிரினத்தைப் பிடிக்க, மாதிரி எடுக்க 12ஆம் பிரிவின்கீழ் தனி அனுமதி. முதுநிலை ஆய்வுக்குக் கிடைக்கும் சில மாதங்களில் இரண்டாவது வந்துசேருமா என்பது சந்தேகம்தான். ஒலிப்பதிவும் படமும் மட்டும் போதும் என்ற அளவில் திட்டத்தை அமைத்துக்கொண்டால் பிழைத்தீர்கள். ட்ரோன் என்ற சொல்லை விண்ணப்பத்தில் சேர்க்காதீர்கள், தவளைக்கு அது தேவையுமில்லை.

மன்னார் வளைகுடாத் தீவு ஒன்றில் குடும்பத்தோடு இறங்க ஆசை. மீனவர் படகில் போகலாமா?
– ராமநாதபுரம் வாசகர்

ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே வரிசையாக உள்ள 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அனுமதியில்லாமல் கரையேறினால் உங்களோடு படகுக்காரரும் மாட்டுவார், அவருக்குப் படகு பறிமுதல் வரை போகும். அவருடைய பிழைப்பில் விளையாடாதீர்கள். பவளத்தைப் பார்க்கத்தான் ஆசை என்றால் வனத்துறை ஏற்பாட்டில் ஓடும் கண்ணாடித்தளப் படகு இருக்கிறது. கலங்கிய நீரில் எதுவும் தெரியாது என்பதால் காற்று அடங்கிய நாளாகக் கேட்டுப் போங்கள். அலையாத்திக் காட்டுக்குள் படகில் போக, பாக் நீரிணைப் பக்கம் காரங்காடு இருக்கிறது. கிராமத்தாரே நடத்துகிறார்கள்.

கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளத்துண்டைக் குழந்தை பையில் போட்டுக்கொண்டாலும் குற்றம்தான். பவளம், கடல் அட்டை, கடல் குதிரை மூன்றும் 1972 சட்டம் பாதுகாக்கும் பட்டியலில் உள்ளவை, உயிரோடு இருக்கிறதா செத்ததா என்ற பேச்சு அங்கே எடுபடாது.

வேடந்தாங்கலுக்கு எப்போது போனால் பறவை பார்க்கலாம்?
– சென்னை வாசகர்

நவம்பர் முதல் மார்ச் வரை. ஏரி நிரம்பியிருந்தால் மட்டும். மழை பொய்த்த ஆண்டில் போய் ஏமாறாதீர்கள். அதிகாலை அல்லது மாலை நான்குக்குப் பிறகு போங்கள், கரையில் நடந்தே பார்த்துவிடலாம். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8×42 இருநோக்கி (பைனாகுலர்) போதும், அதைவிடப் பெரியது கையில் நடுங்கும். இரை தேடி வெளியே போன கூட்டம் கூடு திரும்பும் அந்தி நேரத்தில் கரையின் நடுப்பகுதியில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். அருகிலுள்ள கரிக்கிலியில் கூட்டம் குறைவு.