இசை கேள்வி பதில்: எட்யூட் பாட்டா, பயிற்சியா?

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிறாள். கிரேடு பரீட்சைக்கு ‘எட்யூட்’ என்று ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அது பாட்டா, வெறும் விரல் பயிற்சியா? அதைப் பூசையில் வாசிக்கலாமா? மாலை முழுவதும் முதலிலிருந்து கடைசிவரை அதையே வாசித்துக்கொண்டிருக்கிறாள்.
(ஒரு வாசகி, பாம்பன்)

பதில்: எட்யூட் பாட்டுதான் அம்மா. விரலுக்கோ கைக்கோ வரும் ஒரே ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, அதை வைத்தே தொடக்கம் முதல் முடிவு வரை கட்டிய பாட்டு. சில பரீட்சைப் புத்தகங்களில் ‘ஸ்டடி’ என்று போட்டிருக்கும். இரண்டும் ஒன்றே.

விரல் பயிற்சி வேறு. 1873-இல் வந்த ஹானன் புத்தகம் பல பியானோ வகுப்புகளில் இருக்கும். அதில் 60 பயிற்சிகள். முதல் பகுதியில் ஒரு சின்ன விரல் அமைப்பை எடுத்துக்கொண்டு, கட்டை கட்டையாக மேலே ஏறி, அப்புறம் இறங்கி வருவீர்கள். மெட்டு என்று எதுவும் இருக்காது, விரலுக்கு மட்டும்தான் வேலை. எட்யூட்டில் காதுக்கும் வேலை உண்டு. பீத்தோவனின் மாணவர் செர்னி வகுப்புக்காக நூற்றுக்கணக்கில் எழுதினார். போலந்து இசையமைப்பாளர் ஷோப்பின் எட்யூட்டை மேடைக்கே ஏற்றிவிட்டார். 1833-இல் 12, 1837-இல் இன்னும் 12 வெளியிட்டார். முதல் தொகுப்பின் ஐந்தாவது எட்யூட்டில் வலக்கை ஏறக்குறைய முழுக்கக் கறுப்புக் கட்டைகளிலேயே ஓடும். கேட்பவருக்கு அந்தக் கஷ்டம் தெரியாது, துள்ளல்தான் தெரியும்.

உங்கள் மகள் முதலிலிருந்து கடைசிவரை திரும்பத் திரும்ப வாசிப்பதைத்தான் மாற்றச் சொல்வேன். என் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பதே “இதில் சிக்கல் எந்த இடத்தில் இருக்கிறது?” என்றுதான். ஜெர்மன் இசையமைப்பாளர் பர்க்முல்லரின் ஓபஸ் 100-இல் (நூறாம் எண் படைப்பில்) 25 எளிய எட்யூட்கள் இருக்கின்றன. இரண்டாவதான ‘அராபெஸ்க்’கில் வலக்கை வேகமாக ஓடும், பிள்ளைகளுக்கு அது சீக்கிரம் பிடிபட்டுவிடும். நடுவில் அதே ஓட்டம் இடக்கைக்குப் போகும். திணறல் அங்கேதான். அந்தச் சில வரிகளை மட்டும் தனியாக எடுத்து, இடக்கையை மட்டும், பாதி வேகத்தில், ஒவ்வொரு ஸ்வரமும் ஒரே அளவு கேட்கும்வரை வாசிக்க வேண்டும். அப்புறம்தான் இரண்டு கையும் சேர வேண்டும். இப்படி வாசித்தால் கால் மணி நேரம் போதும். மாலை முழுவதும் தேவையில்லை.

பூசையில் வாசிக்க அதே தொகுப்பின் 19-ஆவதைப் பாருங்கள். தலைப்பே ‘ஆவே மரியா’. மெதுவானது, ஸ்வரங்களைச் சேர்த்து அழுத்தி வாசிப்பது. நன்மை (நற்கருணை) வாங்கும் நேரத்துக்கு நன்றாகப் பொருந்தும். 22-ஆவது ‘பார்கரோல்’, வெனிஸ் படகுக்காரர்களின் பாட்டுப் பாணியில் அமைந்தது. கடலுக்குப் போகிறவர்கள் இருக்கும் ஊரில் ஒரு பிள்ளை அதை வாசித்துக் கேட்க எனக்கு ரொம்ப ஆசை.

கேள்வி: கர்நாடக இசையில் வயலின் கற்கிறேன். நம் முறையில் எட்யூட்டுக்கு இணை சரளி வரிசையா?
(ஒரு மாணவர், கீழக்கரை)

பதில்: சரளி, ஜண்டை, அலங்காரம் என்ற தொடக்க ஸ்வரப் பயிற்சிகள் எல்லாம் ஹானன் பக்கம். எட்யூட்டுக்குப் பக்கத்தில் நிற்பது வர்ணம்தான். வகுப்பில் இரண்டு மூன்று காலங்களில் (வேகங்களில்) சாதகம் செய்கிறோம், கச்சேரியிலும் அதையே முதலில் வைக்கிறோம். ஆனால் ஒரு வித்தியாசத்தை விடக்கூடாது. எட்யூட் கையின் ஒரு சிக்கலைப் பிடித்துக்கொள்ளும். வர்ணம் ஒரு ராகத்தின் முக்கியப் பிடிகளையெல்லாம் (அந்த ராகத்தை அடையாளம் காட்டும் ஸ்வரக் கோவைகளை) கைக்குள் கொண்டுவந்து வைக்கும். நம் பிள்ளைகள் மோகன ராகத்தை முதலில் விரலில் உணர்வது பெரும்பாலும் ‘நின்னு கோரி’ வர்ணத்தில்தான். அதை இயற்றியவர் 1860-இல் ராமநாதபுரத்தில் பிறந்த பூச்சி சீனிவாச ஐயங்கார். பட்ணம் சுப்பிரமணிய ஐயரின் சீடர், அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் குரு. உலகத்தில் எங்கே தமிழ்ப் பிள்ளை வர்ணம் கற்றாலும் நம் மாவட்டத்துக்காரர் ஒருவர் அந்த வகுப்பில் இருக்கிறார். இதை இங்கே ஒவ்வொரு பள்ளியிலும் சொல்ல வேண்டும்.

வில் வீச்சு தடுமாறினால் வயலின் கலைஞர் க்ரூட்ஸர் எழுதிய 42 எட்யூட்களில் இரண்டாவதை ஆசிரியரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்வரங்களை மாற்றாமல் வில் போடும் விதத்தை மட்டும் மாற்றி மாற்றி வாசிப்பார்கள். அதனால் வர்ணம் கெடாது, மூன்றாம் காலம் தெளியும்.

கேள்வி: 61 கட்டை கீபோர்டில் எட்யூட் வாசிக்க முடியுமா?
(ஒரு வாசகர், தொண்டி)

பதில்: பர்க்முல்லரைத் தொடங்கலாம். அழுத்தத்துக்கு ஏற்ப ஓசை கூடிக் குறையும் வசதி உங்கள் கீபோர்டில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது இல்லாவிட்டால் எட்யூட்டின் பாதிப் பாடம் போய்விடும். ஷோப்பினுக்கு 88 கட்டை வேண்டும். வாசித்து முடித்ததும் துணி போட்டு மூடிவையுங்கள். உப்புக்காற்று உள்ளே போனால் சில கட்டைகள் ஊமையாகிவிடும்.