ஒரே பிளேடுதான் என்றால் 40 பல்

மரம் அறுக்கும் மேசை ரம்பத்தின் (டேபிள் சா) பழைய 24 பல் பிளேடு மழுங்கிவிட்டது, பிளைவுட் ஓரம் சிதறுகிறது, இனி எல்லா வேலைக்கும் ஒரே பிளேடு போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதும். 10 அங்குல பிளேடு போடும் இயந்திரம் என்றால், கார்பைடு முனை வைத்து, பற்கள் இடமும் வலமுமாக மாறி மாறிச் சாய்த்துத் தீட்டிய 40 பல் பிளேடை வாங்குங்கள். நிறைய பல் இருந்தால் எல்லாமே வழவழப்பாக அறுபடும் என்று நினைத்து 80 பல்லுக்குப் போய்விடாதீர்கள், அதில் பற்களுக்கு நடுவே உள்ள பள்ளம் சின்னது, தடித்த கட்டையை நீளவாக்கில் தள்ளும்போது தூள் வெளியேற இடமில்லாமல் சூடேறி, அறுத்த முகத்தில் பழுப்பாகக் கருகல் கோடு விழும். எனக்கு ஒரு தேக்குச் சட்டமே அப்படிப் போனது.

மோட்டார் 1.5 குதிரைத்திறன் அளவில்தான் என்றால் சுமார் 2.4 மி.மீ. வெட்டு அகலமுள்ள மெல்லிய பிளேடு நல்லது, 3.2 மி.மீ. பிளேடு அதைத் திணறடிக்கும். ஆனால் பிளேடுக்குப் பின்னால் நின்று, அறுத்த பிளவு மூடாமல் பிடிக்கும் பிளவுத் தகட்டை அளந்து பாருங்கள், தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். அது வெட்டு அகலத்தைவிட மெல்லியதாகவும் பிளேடின் உடலைவிடத் தடிப்பாகவும் இருக்க வேண்டும். தடித்துப் போனால் கட்டை பாதியில் சிக்கும், அப்போது கை பிளேடுக்குப் பக்கத்தில் இருக்கும்.

நடுத்துளை அளவும், பிளேடில் அச்சிட்டிருக்கும் அதிகபட்சச் சுழற்சி வேகமும் உங்கள் இயந்திரத்துக்குப் பொருந்த வேண்டும்.

அப்புறம், பழையதைக் கழற்றிப் பற்களின் பக்கவாட்டைப் பாருங்கள். பிசின் அப்பியிருந்தால் கழுவிவிட்டு ஒருமுறை அறுத்துப் பாருங்கள், மழுங்காமலே இருக்கலாம்.